வீட்டின் வெப்பம் எங்கே போகிறது? கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அங்கு வெயில் உண்டு. எனினும் தை மாத இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரையும், சில வேளைகளில் அதற்கும் கீழாகவும் இறங்குகிறது. விறகு, சாண வறட்டி, மண்ணெண்ணெய், எரிவாயு எனக் கிடைத்ததை எல்லாம் அடுப்பில் இட்டாலும், அடுப்பு அணைந்த சில மணி நேரத்தில் அறை மீண்டும் உறைந்துவிடுகிறது. ஆகவே அங்குள்ள பல குடும்பங்கள் குளிர்காலம் முழுவதையும் ஒரே அறையில், பெரும்பாலும் சமையலறையில், கழிக்கின்றன. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் மற்ற அறைகள் நான்கு மாதங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

எரித்த எரிபொருளின் வெப்பம் எங்கே சென்றது? இக்கேள்விக்கு விடை காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. வீடு கட்டவோ வாங்கவோ எண்ணும் வாடிக்கையாளர்கள் இக்கணக்கைச் செங்கல் அடுக்குவதற்கு முன்பே போட்டுப் பார்ப்பது நன்று. நாகபுரியிலோ ஜெய்ப்பூரிலோ மேல்மாடியில் வசிப்பவருக்கும் இதே கணக்கு பொருந்தும். அங்கே வெப்பம் வெளியேறுவதற்கு மாறாக உள்ளே நுழைகிறது. திசை மட்டுமே வேறு, விதி ஒன்றுதான்.

அடிப்படை விதி

வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கே பாயும். பிரெஞ்சுக் கணித அறிஞர் ழோசப் ஃபூரியே, 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இப்பாய்வின் கணிதத்தை வகுத்தளித்தார். அதன் சாரம் எளியது. ஒரு சுவரின் வழியே ஒவ்வொரு விநாடியும் கடக்கும் வெப்பம் மூன்றைப் பொறுத்தது: சுவரின் பரப்பு, இருபுறத்து வெப்பநிலை வேறுபாடு, அச்சுவர் வெப்பத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பது. இம்மூன்றையும் பெருக்கினால் இழப்பு வாட் கணக்கில் கிடைக்கும்.

மூன்றாவதாகச் சொன்ன அளவைப் பொறியாளர்கள் ‘யூ மதிப்பு’ என்பர். ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் கடக்கிறது என்பதே அது. யூ மதிப்பு குறையக் குறைய வீடு வெப்பத்தைக் காத்துக்கொள்ளும்.

யூ மதிப்பைக் காண, சுவரில் உள்ள ஒவ்வோர் அடுக்கின் வெப்பத்தடையையும் முதலில் கண்டறிதல் வேண்டும். அடுக்கின் தடிமனை மீட்டரில் எடுத்து, அப்பொருளின் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் தடை கிடைக்கும். இந்தியக் கட்டுமான நூல்களில் வழங்கும் கடத்துதிறன் எண்கள் சிலவற்றைக் காண்போம்: கம்பி கட்டிய காங்கிரீட் 1.58, சுட்ட செங்கல் 0.81, மண் செங்கல் 0.75, சிமெண்டுப் பூச்சு 0.72, தெர்மோகோல் எனப்படும் நுரைப் பலகை சுமார் 0.035. அதாவது ஒரே தடிமனில் காங்கிரீட்டைவிட நுரைப் பலகை ஏறத்தாழ 45 மடங்கு தடை தருகிறது. நுரைக்குள் சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே இதற்குக் காரணம். கம்பளிப் போர்வை நம்மைக் காப்பதும் இதே முறையில்தான்.

சுவரின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலங்களுக்கும் சிறிது தடை உண்டு. சுவருக்கு உட்புறம் 0.13, வெளிப்புறம் 0.04 எனக் கொள்வது வழக்கம். வெப்பம் மேல்நோக்கிச் செல்லும் கூரைக்கு உட்புறம் 0.10 போதும். எல்லாத் தடைகளையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் ஒன்றை வகுத்தால் யூ மதிப்பு கிடைத்துவிடும்.

ஒரு வீடு, ஒரு கணக்கு

லேயில் 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் ஒற்றைத்தள வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். உள்ளே 15 டிகிரி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி என்றால், வேறுபாடு 25 டிகிரி.

கூரை: 15 சென்டிமீட்டர் காங்கிரீட்டின் தடை 0.095. அடிப்புறப் பூச்சின் தடை 0.017. காற்றுப் படலங்கள் 0.14. கூட்டினால் 0.252. யூ மதிப்பு 3.97. பரப்பு 80 சதுர மீட்டர். எனவே இழப்பு சுமார் 7,940 வாட்.

சுவர்: 30 சென்டிமீட்டர் மண் செங்கல்லின் தடை 0.40. காற்றுப் படலங்களுடன் 0.57. யூ மதிப்பு 1.75. நான்கு புறச் சுவர்களின் 108 சதுர மீட்டரில் ஜன்னல், கதவு போக எஞ்சுவது 90. இழப்பு சுமார் 3,940 வாட்.

ஜன்னல்: ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பு சுமார் 5.8. 16 சதுர மீட்டருக்கு இழப்பு 2,320 வாட். 2 சதுர மீட்டர் மரக்கதவுக்கு யூ மதிப்பை 3 எனக் கொண்டால் இழப்பு 150 வாட்.

தரை: இங்குதான் கணக்கு சற்று மாறுபடுகிறது. தரைக்கு அடியில் இருப்பது காற்றன்று, மண். வீட்டின் நடுப்பகுதியிலிருந்து வெப்பம் வெளிக்காற்றை அடைய நெடுந்தொலைவு மண்ணுக்குள் பயணம் செய்தாக வேண்டும். விளிம்புக்கு அருகிலோ அத்தொலைவு மிகக் குறைவு. ஆகவே தரையின் இழப்பு, பரப்பை மட்டுமல்லாமல் சுற்றளவையும் பொறுத்தது. தரைப்பரப்பைப் பாதிச் சுற்றளவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டே பன்னாட்டுத் தரமுறை இதைக் கணக்கிடுகிறது. நம் வீட்டுக்கு அது 80ஐ 18ஆல் வகுக்க 4.44. இம்முறையில் காப்பு இடாத தரையின் யூ மதிப்பு சுமார் 0.76 ஆகிறது. மண் காற்றைப்போல் விரைவில் குளிர்வதில்லை. எனினும் பாதுகாப்பான பக்கம் நின்று அதே 25 டிகிரி வேறுபாட்டை எடுத்துக்கொண்டால், இழப்பு சுமார் 1,530 வாட். உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

காற்றுக் கசிவு: ஜன்னல், கதவு இடுக்குகளின் வழியே மணிக்கு ஒரு முறை வீட்டின் காற்று முழுவதும் மாறுவதாகக் கொள்வோம். லேயின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் இழப்பும் அந்த அளவுக்குக் குறையும். 240 கன மீட்டர் காற்றுக்கு அது சுமார் 1,320 வாட்.

எல்லாவற்றையும் கூட்டினால் 17,200 வாட். நாள் முழுவதும் இந்த வெப்பநிலையைக் காக்க 413 யூனிட் வெப்பம் தேவை. 14.2 கிலோ எடையுள்ள ஒரு சமையல் எரிவாயு உருளையில் அடங்கியிருப்பது சுமார் 180 யூனிட். எனவே நாளொன்றுக்கு இரண்டே கால் உருளைகளுக்கு மேல்! எந்தக் குடும்பத்தாலும் இது இயலாது. வீட்டை மூடிவிட்டு ஒரே அறைக்குள் ஒடுங்குவது சோம்பலாலோ பழக்கத்தாலோ அன்று. இந்த எண்ணின் கட்டாயத்தால்தான்.

காப்பிட்டபின்

இப்போது அதே வீட்டின் கூரைமேல் 10 சென்டிமீட்டர் நுரைப் பலகை, சுவரில் 5 சென்டிமீட்டர் நுரைப் பலகை, தரைக்கு அடியில் 5 சென்டிமீட்டர் அடர்நுரைப் பலகை, ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி ஆகியவற்றை அமைத்து, இடுக்குகளையும் அடைத்துக் காற்றுக் கசிவைப் பாதியாக்குவோம். கூரையின் யூ மதிப்பு 0.32 ஆகிறது. சுவரின் தடை 2.00 ஆக உயர, யூ மதிப்பு 0.50. தரைக்கு 0.32. ஜன்னலுக்கு 2.8.

இழப்புகள் முறையே கூரை 640, சுவர் 1,125, ஜன்னல் 1,120, கதவு 150, தரை 640, காற்று 660. மொத்தம் 4,335 வாட். முன்பிருந்ததில் கால் பங்கு! ஓர் அறையைச் சூடாக்கிய எரிபொருளில் வீடு முழுவதும் வாழத்தக்கதாகிறது. பகலில் தெற்கு ஜன்னல்களின் வழியே வரும் வெயிலையும் இத்துடன் சேர்த்தால், அடுப்புக்கு மிஞ்சும் வேலை இன்னும் குறையும். லே அருகே ஃபே என்னுமிடத்தில் உள்ள செக்மோல் கல்வி நிறுவனத்தின் மண் கட்டடங்கள், தெற்கு நோக்கிய கண்ணாடிகளின் வழியே பெறும் சூரிய வெப்பத்தைக்கொண்டே குளிர்காலத்தைக் கடக்கின்றன.

இப்பாடம் அம்மக்களுக்குப் புதியதன்று. நெட்டிலிங்க வகை மர உத்திரங்களின்மேல் வில்லோக் குச்சிகளைப் பரப்பி, அதன்மேல் புல்லும் மண்ணும் இட்டு அமைக்கும் மரபுக்கூரை, வெற்றுக் காங்கிரீட்டைவிட வெப்பத்தை நன்கு காக்கும். கூரை விளிம்பில் அடுக்கிவைக்கும் தீவனக் கட்டுகளும், கீழ்த்தளத்தில் கட்டிய கால்நடைகளும்கூட அந்தக் காப்பில் பங்கு பெற்றன. காங்கிரீட் வந்தபோது உறுதி கூடியது, வெப்பத்தடை குறைந்தது. நுரைப் பலகை கிடைக்காத இடங்களில் இரு மண் சுவர்களுக்கு இடையே உலர்ந்த வைக்கோலையோ மரத்தூளையோ நிரப்பியும் நல்ல காப்பைப் பெறுகின்றனர்.

எவ்வளவு போதும்?

காப்பு நல்லது என்றால் தடிமனைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கணக்கு வேறு சொல்கிறது. நம் கூரையில் முதல் 5 சென்டிமீட்டர் பலகை, இழப்பை 7,940இலிருந்து 1,190 வாட்டாக இறக்குகிறது. மிச்சம் 6,750 வாட். அடுத்த 5 சென்டிமீட்டர் மிச்சப்படுத்துவது 550. மூன்றாவது 5 சென்டிமீட்டர் தருவது வெறும் 200. விலையோ ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதேதான். ஆகவே ஓரிடத்தில் பணத்தைக் குவிப்பதைவிட, இழப்பு மிகுந்த அடுத்த இடத்தைத் தேடிச் செல்வதே சிக்கனம். முதலில் கூரை, பிறகு சுவர், பிறகு ஜன்னல் என்பது நம் மாதிரி வீட்டின் வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் வரிசை மாறக்கூடும். அதனால்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர்களின் நோக்கில் இதைக் கடன் தவணையுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். கூரைக் காப்புக்குக் கூடுதலாக ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது என ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 8.5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு அதன் மாதத் தவணை சுமார் 868 ரூபாய். ஆண்டுக்கு 10,416 ரூபாய். முதல் 5 சென்டிமீட்டர் பலகை மட்டும், சராசரி வேறுபாடு 20 டிகிரி எனில், 5,400 வாட் இழப்பைத் தடுக்கிறது. நாளுக்கு 6 மணி நேரம், 120 நாள்கள் என்றால் ஏறத்தாழ 3,890 யூனிட். அதாவது 21 எரிவாயு உருளைகளுக்கும் மேல். 10,416ஐ 21ஆல் வகுத்தால் 496. ஓர் உருளையின் விலை இதைவிடக் கூடுதலாக உள்ள வரையில், கடன் வாங்கி இட்ட காப்பு தன் தவணையைத் தானே கட்டிவிடும். தங்கள் ஊரின் விலையையும், தங்களுக்குக் கிடைக்கும் வட்டி வீதத்தையும், பொறியாளர் தரும் மதிப்பீட்டையும் இவ்விடங்களில் இட்டுப் பார்த்தால் தங்களுக்கான விடை கிடைக்கும்.

கணக்கைக் கெடுப்பவை

தாளில் சரியாக இருக்கும் கணக்கு, கட்டுமானத்தில் மூன்று இடங்களில் தவறக்கூடும்.

முதலாவது, காப்பு இடாமல் விடப்படும் தூண்களும் உத்திரங்களும். நம் வீட்டின் 90 சதுர மீட்டர் சுவரில் 9 சதுர மீட்டர் மட்டும் 30 சென்டிமீட்டர் வெற்றுக் காங்கிரீட்டாக நிற்பதாகக் கொள்வோம். அதன் யூ மதிப்பு 2.78. எஞ்சிய 81 சதுர மீட்டர் 0.50இல் இருந்தாலும், சுவரின் மொத்த இழப்பு சுமார் 45 விழுக்காடு கூடிவிடும். பத்தில் ஒரு பங்கை மறந்ததற்கு இது மிகப் பெரிய விலை. காப்பு அடுக்கு, வீட்டைச் சுற்றி இடைவெளியின்றிப் போர்த்தப்பட வேண்டும்.

இரண்டாவது, ஈரம். சமையல், குளியல், மூச்சு ஆகியவற்றால் உண்டாகும் நீராவி, குளிர்ந்த அடுக்கைத் தொட்டதும் நீராக மாறுகிறது. நனைந்த காப்பு தன் தடையை இழக்கும். வைக்கோலும் மரத்தூளும் மட்கிப்போகும். குளிர்ப் பகுதிகளில் காப்பின் சூடான பக்கத்தில், அதாவது உட்புறத்தில், நீராவியைத் தடுக்கும் தாளை அமைப்பது இதற்காகவே.

மூன்றாவது, உயிரோடு தொடர்புடையது. இடுக்குகளை அடைத்த அறைக்குள் கரியோ விறகோ எரிவாயுவோ எரிக்கும்போது, மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு தேங்கக்கூடும். உறக்கத்திலேயே அது உயிரைப் பறித்துவிடும். அடுப்புக்குப் புகைபோக்கி வெளிவரை செல்லுதல் வேண்டும். புதுக்காற்று வர ஒரு வழி இருத்தல் வேண்டும். நம் கணக்கில் காற்றுக் கசிவைப் பாதியாக மட்டும் குறைத்து, பூஜ்யமாக்காததன் காரணம் இதுவே.

வெப்பச் சமவெளிகளில்

நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வாழ்வது வெப்பப் பகுதிகளில். அங்கும் முதல் குற்றவாளி கூரைதான். கோடை நண்பகலில் காங்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டக்கூடும். உள்ளே 28 டிகிரி எனில், வெற்றுக் காங்கிரீட்டின் வழியே சதுர மீட்டருக்குச் சுமார் 113 வாட் இறங்கும். 12 சதுர மீட்டர் படுக்கையறைக்கு ஏறத்தாழ 1,360 வாட். ஒரு டன் குளிர்சாதனத்தின் திறன் சுமார் 3,500 வாட் என்பதை நினைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூரையுடன் போராடுவதிலேயே கழிந்துவிடும். 5 சென்டிமீட்டர் நுரைப் பலகை இட்டால் அது சுமார் 225 வாட்டாகக் குறைகிறது. காங்கிரீட் வெப்பத்தைச் சேமித்துச் சில மணி நேரம் கழித்தே உள்ளே விடும் என்பதால், இந்த வெப்பத்தை நாம் நண்பகலைவிட மாலையிலும் முன்னிரவிலும் மிகுதியாக உணர்கிறோம்.

எனினும் இரு வேறுபாடுகளை மறத்தல் ஆகாது. வெப்பப் பகுதியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிறப் பூச்சு, செலவு குறைந்த முதற்படியாகும். தரைக்குக் காப்பு அங்குத் தேவையில்லை. கோடையில் மண் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், வெற்றுத் தரை வீட்டுக்கு நன்மையே செய்கிறது.

மத்திய மின்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் பணியகம், 2018ஆம் ஆண்டு டிசம்பரில் குடியிருப்புக் கட்டடங்களுக்கென ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டது. எந்தத் தட்பவெப்ப மண்டலமாயினும் கூரையின் யூ மதிப்பு 1.2ஐத் தாண்டலாகாது என்கிறது அது. குளிர் மண்டலங்களில் கூரை நீங்கலான புறப்பரப்புக்கு 1.8 என்பது வரம்பு. நம் மாதிரி வீட்டின் மண் சுவரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், காப்பு இல்லாமலே 1.75 என அந்த எண்ணுக்குள் நிற்கிறது. காங்கிரீட் கூரையோ 3.97 எனத் தோற்றுப்போகிறது. அக்கூரையை வரம்புக்குள் கொண்டுவரத் தேவைப்படும் நுரைப் பலகை 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் மட்டுமே. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளையே இத்தொகுப்பு முதன்மையாகக் கருத்தில் கொண்டது. எனினும் சிறு வீடு கட்டுவோரும் இந்த எண்களைத் தமக்கு அளவுகோலாகக் கொள்ளலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டுக்கடன் விண்ணப்பத்துடன் இணைக்கும் கட்டுமான மதிப்பீட்டில் சிமெண்டு, கம்பி, மணல், ஓடு என வரிசையாகப் பல இனங்கள் இருக்கும். வெப்பக் காப்பு என்னும் இனம் பெரும்பாலும் இருப்பதில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போட்டால், தரைக்கு அடியில் காப்பிட ஓட்டைப் பெயர்க்க வேண்டியிருக்கும். கூரையில் இட, நீர்க்கசிவுத் தடுப்பை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். கட்டும்போது செய்தால் ஒரு செலவு, கட்டியபின் செய்தால் இரண்டு செலவு.

ஆகவே மதிப்பீட்டை இறுதி செய்யும் முன் தங்கள் பொறியாளரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பெறுங்கள். கூரையின் யூ மதிப்பு என்ன? சுவரின் யூ மதிப்பு என்ன? தூண், உத்திரம் ஆகியவற்றின் மேலும் காப்பு தொடர்கிறதா? ஈரம் புகாதிருக்க என்ன ஏற்பாடு? முதல் இரண்டுக்கும் விடை எண்களாக வரட்டும். தடிமனைக் கடத்துதிறனால் வகுத்து, தடைகளைக் கூட்டி, அந்த எண்களைத் தாங்களே சரிபார்க்கலாம். கடன் தவணை 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். வீட்டின் யூ மதிப்போ, அவ்வீடு நிற்கும் வரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒவ்வொரு கோடையிலும் தன் கணக்கைத் தொடரும்.